ஒரே வெடி

கால்களை வரையலாம் என்றுதான் கரிக்கட்டியை எடுத்துத் தாளை மடியில் வைத்தேன். குதிரைக் கால் எனக்குச் சோறு தண்ணி மாதிரி, யோசிக்க வேண்டியதில்லை, கை தன் பாட்டுக்கு வரையும். இன்றைக்கு அது தன் பாட்டுக்கு வரைந்ததில் கால் வரவில்லை. ஒரு வலது கை வந்திருக்கிறது. ஆள்காட்டி விரல் மட்டும் மற்ற விரல்களுக்குக் கொஞ்சம் பின்தங்கி, வகுப்புக்கு லேட்டாக வந்த பையன் வாசலில் நிற்பதுபோல நிற்கிறது. சரி, போகட்டும் என்று தாளைப் புரட்டினேன். மைதானத்தைப் பார் ரக்கியா, வானத்தைப் பார், அந்தக் கையைத் தவிர எதை வேண்டுமானாலும் பார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஜனம், அந்தப் பக்கம் செம்மண், செம்மண்ணின் அந்தக் கோடியில் குதிரைகள். அறுவடை முடிந்ததும் தர்காவைச் சுற்றிக் கூடாரம் போட்டு ஒரு வாரம் நடக்கிற திருவிழா, மூஸெம் என்போம். மொராக்கோவில் மூஸெம் இல்லாத ஊர் கிடையாது. எங்கள் கடலோரச் சமவெளியில் நடப்பதில் குதிரை அதிகம், குதிரையைவிட ஈ அதிகம். பதினைந்து பேர் ஒரு குழு. ஒரே மாதிரி வெள்ளை உடை, ஒரே வரிசை. அந்தக் கோடியிலிருந்து பாய்ந்து வருவார்கள். கடிவாளத்தை விட்டுவிட்டு, சேணத்தில் எழுந்து நின்று, நீளத் துப்பாக்கியை இரண்டு கையாலும் தூக்கி, நடுவர் கூடாரத்துக்கு முன்னால், அதாவது என் மூக்குக்கு முன்னால், சுடுவார்கள். குண்டு கிடையாது, வெடிமருந்து மட்டும். பதினைந்து துப்பாக்கியும் ஒரே வெடியாகக் கேட்க வேண்டும், அதுதான் விஷயம். குதிரை அழகு, சேணத்துப் பட்டு அழகு எல்லாம் அப்புறம். ஒருத்தன் கண்ணிமைக்கிற நேரம் பிந்திவிட்டால் அது வெடி இல்லை, தும்மல். என் வீட்டுக்காரர் பூஷைப் அந்த வரிசையில் இருக்கிறார். அவருடைய வலது ஆள்காட்டி விரல் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. வேறு யாருக்கும் எதுவும் தெரியாது.

குளிர்காலத்தில் ஒரு நாள் காலை டீ குடித்துக்கொண்டிருந்தவருக்குப் பேச்சு குழறியது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் பாதி சரியாகிவிட்டது. டாக்டர் நல்ல நேரம் என்றார், மாத்திரை கொடுத்தார், உப்பைக் குறைக்கச் சொன்னார். ஊருக்கெல்லாம் இவர் பித்தம் என்று சொல்லிக்கொண்டார். பேச்சு வந்தது, நடை வந்தது, கோபமும் அதே அளவுக்குத் திரும்பி வந்தது. விரல் மட்டும் வரவில்லை. வரவில்லை என்றும் சொல்ல முடியாது, வருகிறது, தாமதமாக வருகிறது. மற்றவர்கள் கண்ணுக்குப் படாது. நான் வாழ்நாள் முழுக்கக் கையையும் காலையும் பார்த்தே பிழைக்கிறவள், எனக்கு எப்படிப் படாமலிருக்கும்? வெள்ளிக்கிழமை சமைக்கிற கூஸ்கூஸ் ரவைச் சோற்றைக் கையால் உருட்டி வாயில் எறிகிற மனுஷர், ஸ்பூன் கேட்டார். விரலைச் சுட்டுக்கொண்டாராம். அடுத்த வெள்ளிக்கிழமையும் ஸ்பூன். டீயை உயரத்திலிருந்து நுரைக்க நுரைக்க ஊற்றுவதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு, விருந்தாளி வந்தால் அதற்காகவே எழுந்து நிற்பார். இப்போது, நீ ஊத்து ரக்கியா, நீ ஊத்தினாத்தான் தித்திக்குது என்கிறார். கல்யாணமான புதிதில்கூடச் சொல்லாத கொஞ்சல். எனக்கு அதைக் கேட்டு வெட்கம் வரவில்லை, அவர் விரலைத்தான் பார்த்தேன். சொல்வார், இன்றைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் நான் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்துவிடும். தன்னை யாரோ பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பதை அவரால் தாங்க முடியாது, ஆஸ்பத்திரியிலேயே பார்த்தேன். பிறகு மூஸெம் நெருங்கியது, குதிரையை ஓட்டிப் பழக்க ஆரம்பித்தார், இந்த வருஷம் போக வேண்டாமே என்று நான் சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னதற்கு, ஏன் என்றார். ஒரே ஒரு ஏன். என்னிடம் பதில் இருந்தது, வெயில் அதிகம் என்றேன். எனக்கு அவர் மேல் கோபம். கோபமா பயமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, இரண்டும் ஒரே அடுப்பில்தான் வேகிறது.

பக்கத்தில் ஃபாத்னா சூரியகாந்தி விதையைக் கொறித்துக் கொறித்துத் தோலை என் தாள் மேல் துப்புகிறாள். அவள் புருஷனும் அதே குழுவில் வரிசையின் கடைசியில் ஓட்டுகிறான். அவளுக்கு எந்தக் கவலையும் இல்லை. தொப்பியில்லாமல் போனாரு, மண்டை காயட்டும், நல்லா வேணும் என்கிறாள். இப்படி ஒரு பெண்டாட்டியாக இருந்துவிட்டால் எவ்வளவு சௌகரியம். மலையடிவாரத்துக் குழு ஒன்று வருகிறது. தரை அதிர்வது முதலில் நான் உட்கார்ந்திருக்கிற முக்காலி வழியாகத்தான் தெரியும், அப்புறம்தான் காதுக்கு. வந்தார்கள், எழுந்தார்கள், தூக்கினார்கள். டமார். டக். அந்த டக் எவ்வளவு சின்னது. கதவைச் சாத்திய பிறகு உள்ளே யாரோ கரண்டியைக் கீழே போட்டதுபோல. ஜனம் ஊவென்று கத்துகிறது. "எவனோ தூங்கிட்டான்டி!" என்று ஃபாத்னா தொடையில் தட்டிச் சிரிக்கிறாள். எங்கள் பக்கத்து வழக்கம், பிந்திச் சுட்டவன் குதிரையை விட்டு இறங்க வேண்டும். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு மைதானம் முழுக்க நடந்தே திரும்ப வேண்டும். இதோ இறங்குகிறான். நாற்பது வயதிருக்கும். குனியவில்லை, நிமிரவுமில்லை, குதிரையின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நடக்கிறான். குதிரைக்கு விஷயம் புரியாமல் அவன் தோளை முகர்கிறது. "ஐயோ பாவம், வெள்ளை டிரெஸ்ஸெல்லாம் மண்ணு" என்கிறாள் ஃபாத்னா. நான் அவனை வரைய ஆரம்பிக்கிறேன். முதுகு, கழுத்து, காது. வரைந்தது பூஷைபின் முதுகு. தாளைப் புரட்டினேன். இப்படியே புரட்டிக்கொண்டிருந்தால் தாள் தீர்ந்துவிடும். ஒரு வார்த்தை போதும். எங்கள் குழுவின் தலைவன், முகத்தம் என்போம், வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த தம்பி ஜிலாலி. அவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் அவரை இறக்கிவிட்டு வேறொருத்தனை ஏற்றிவிடுவான். அப்புறம்? அப்புறம் என்ன, அவர் உயிரோடு வீட்டுக்கு வருவார். கடிவாளத்தை விட்டுவிட்டு அந்த வேகத்தில் எழுந்து நிற்கும்போது ஒரு விரல் மட்டும்தானா பிந்தும்? முழங்கால் பிந்தினால்? விழுந்தால் இரண்டு பக்கமும் நெருக்கி வருகிற குதிரைகளில் எந்தக் குளம்பு எங்கே மிதிக்கும் என்று எனக்கு அத்தனை கோணத்திலும் தெரியும், அதைத்தானே இத்தனை வருஷமாக வரைகிறேன். சொல்லிவிட வேண்டியதுதான். வீட்டுக்கு வந்து என்னோடு பேசாமலிருப்பார். இருக்கட்டும். இல்லை, பேசுவார், அதுதான் கஷ்டம், ரொம்ப மரியாதையாகப் பேசுவார்.

ஜிலாலியே வருகிறான். ஓட்டத்துக்கு முன்னால் முகத்தம் தடம் நெடுக நடந்து குழி, கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலால் மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தவன் கயிற்றருகில் நின்றான். "அக்கா, தண்ணி இருக்கா?" பாட்டிலைக் கொடுத்தேன். தொழுகைக்கு ஒளு செய்து கழுவிய முகம் இன்னும் காயவில்லை, தாடியில் ஈரம். சின்ன வயதில் குதிரை என்றால் பயந்து என் பின்னால் ஒளிகிறவன், இன்றைக்கு வாளும் தோள்வாருமாக நிற்கிறான். "கல்லு ஒண்ணுமில்லை. மலைக்காரங்க கெடுத்துக்கிட்டாங்க, பாத்தீங்கல்ல? மூணு வருஷமா நமக்கும் பிசிறிக்கிட்டே போகுது. இந்தத் தடவையும் பிசிறுச்சுன்னா நான் முகத்தமா இருக்கிறதையே விட்டுடுவேன்க்கா, சத்தியமா. வாப்பா எடத்துல நின்னுக்கிட்டு இப்படி மானங்கெட்டு நிக்க முடியாது." இதுதான் சமயம். வாயைத் திறந்தேன். "ஜிலாலி, மச்சான்..." "மச்சானுக்கென்ன? சிங்கம் மாதிரி உக்காந்திருக்காரு. என் வலது பக்கம் அவர் நிக்கிறாருன்னா எனக்குப் பாதி பயம் போயிடும்." "வெயில் ரொம்ப இருக்கு" என்றேன், "அவரைத் தண்ணி குடிக்கச் சொல்லு." "சொல்றேன்க்கா." போய்விட்டான். பாட்டிலையும் கொண்டுபோய்விட்டான். அடிப்பாவி. வெயில், வெயில், வெயில். உனக்கு வேறு வார்த்தையே தெரியாதா? இப்போதும் எழுந்து ஓடலாம். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கயிற்றோரமாக ஓடினால் பிடித்துவிடலாம். ஐம்பது வயசுப் பொம்பளை ஓடினால் ஜனம் சிரிக்கும், சிரித்துவிட்டுப் போகட்டும். எழுந்திருக்கவில்லை. கால் இருக்கிறது, எழுந்திருக்கவில்லை. அவன் சொன்ன அந்தப் பாதி பயம் இப்போது என் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

காஸாபிளாங்காவில் என் படங்களை மாட்டுகிற கேலரிக்கார அம்மா கேட்டாள், ஏன் உங்கள் குதிரைகளெல்லாம் சிவப்பு, அது ரத்தமா என்று. மருதாணி என்றேன். திருவிழாவுக்குக் குதிரைக்கும் மருதாணி வைப்போம், வாலுக்கு, குளம்புக்கு. மிஞ்சின கரைசலைத் தாளில் பூசிப் பார்த்தேன், நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அவளுக்கு அது போதவில்லை. ரத்தம் என்றே எழுதிப் போட்டாள். ஏன் குதிரைக்காரர்களுக்கு முகமே இல்லை என்றும் கேட்டாள். எனக்கு முகம் வரைய வராது என்று எப்படிச் சொல்வது? சும்மா சிரித்து வைத்தேன், அதற்கும் ஒரு பத்தி எழுதினாள். காலை வரையக் கற்றுக்கொண்டது அவரால்தான். புதுப்பெண்ணாக வந்தபோது நான் வரைந்த குதிரைக் கால்களைப் பார்த்து, இது மேஜைக் கால் என்றார். மறுநாள் குதிரையை வீட்டு முற்றத்துக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வா, தொட்டுப் பாரு, எலும்பு எங்கே முடியுதுன்னு பாரு என்றார். தொட்டேன். சூடாக இருந்தது, தோலுக்குக் கீழே ஒரு நரம்பு ஓடியது. நான் கையை எடுக்கப் போனதும் என் கை மேல் தன் கையை வைத்து அழுத்தினார், அந்த வலது கையை. குதிரை முற்றம் முழுக்கச் சாணி போட்டது, அண்டை அயல் ஒரு மாதம் பேசியது. பெண்டாட்டி படம் போடுகிறாள் என்று மற்ற ஆண்கள் கிண்டல் செய்தபோதெல்லாம், ஆமா, நல்லாப் போடுறா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த மனுஷரை வரிசையிலிருந்து இறக்க நான் யார்? அவருக்கு நான் யார் என்றால் பெண்டாட்டி, இறக்கத்தான் வேண்டும். செத்துப்போனால் மானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இறங்கி நடந்தால் உயிரை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? வரிசை கட்டிவிட்டார்கள். அந்தக் கோடியில் வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறது. நடுவில் ஜிலாலி, அவனுக்கு வலப்பக்கம் சாம்பல் நிறக் குதிரை, மஸ்ஊத். அதன் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி. இங்கிருந்து பார்த்தால் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிடுகிற அளவு. யா அல்லா, விழாமலிருந்தால் போதும், பிந்தினால் பிந்தட்டும். இல்லை, பிந்தவும் வேண்டாம். இரண்டையும் கேட்கிறேன், எனக்கு வெட்கமில்லை.

ஜிலாலியின் குரல். முதலில் நடை, குதிரைகள் பக்கவாட்டில் தத்தளிக்கின்றன, அடக்கிப் பிடித்து வரிசையை நேராக்குகிறார்கள். இரண்டாவது குரல். முக்காலி அதிர்கிறது. வந்துவிட்டார்கள், இவ்வளவு சீக்கிரமா, நான் இன்னும் முடிவே செய்யவில்லையே. மண் மேலே எழும்புகிறது. குளம்பு தெரியவில்லை, நெஞ்சு தெரிகிறது, மூக்குத் துவாரம் தெரிகிறது. எழுகிறார்கள். அவரும் எழுகிறார். முழங்கால் நின்றது. கடிவாளம் விட்டாயிற்று. துப்பாக்கி மேலே போகிறது, மற்ற துப்பாக்கிகளோடு சேர்ந்தே போகிறது, கை இருக்கிறது, பிடி இருக்கிறது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இந்த இடத்தில் கண்ணை மூடினேன். காதுக்கு வேலை கொடுத்தேன். டமார். நெஞ்சில் கையால் அறைந்ததுபோல இருந்தது. அப்புறம் அந்தச் சின்னச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். காத்திருந்தேன். வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. பெண்களின் குலவைதான் வந்தது, அலை அலையாக. ஃபாத்னா என் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். "ஒண்ணுடி ரக்கியா! ஒரே ஒண்ணு! அல்லாவே, எனக்கு அழுகை வருதே!" எனக்கும் வந்துவிட்டது. கண்ணைத் திறந்தேன். குதிரைகளை இழுத்து நிறுத்தியிருக்கிறார்கள், அவர் சேணத்தில் இருக்கிறார், முழுசாக இருக்கிறார். கண் அழுதுகொண்டே தன் வேலையையும் பார்க்கிறது, அதற்கு இங்கிதம் கிடையாது. வரிசை முழுக்க ஒவ்வொருத்தன் தலைக்கு மேலும் வெள்ளைப் புகை. ஜிலாலிக்கு மேலே புகை. அவனுக்கு வலப்பக்கம் புகை இல்லை. ஒரு குதிரை அகலத்துக்கு வெறும் நீல வானம்.

விரல் வரவே இல்லையா? அப்படியானால் இந்நேரம் விசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். மருந்து நமத்துவிட்டதா? அப்படியானால் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முகத்தில் பதற்றம் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பையில் போடுகிற முகம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருந்தே போடவில்லை. கூடாரத்துக்குப் பின்னால் எல்லோரும் அவரவர் துப்பாக்கிக்கு மருந்து இடிக்கும்போது இவர் சும்மா இடித்திருக்கிறார், வெறும் குழாயை. சுடாமல் இருப்பதற்காக இத்தனை வேகத்தில் வந்திருக்கிறார், கடிவாளத்தை விட்டிருக்கிறார், எழுந்து நின்றிருக்கிறார். விரல் பிந்தும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது, பிந்தினாலும் அந்த டக் கேட்காமலிருக்க வழி செய்திருக்கிறார். என்னிடம் சொல்லியிருக்கலாமே. சரி, நான் மட்டும் சொன்னேனா? சிரிப்பும் அழுகையுமாக வந்தது. அதற்குள் ஜிலாலி குதிரையை விட்டுக் குதித்து இறங்கிவிட்டான். துள்ளுகிறான். எங்கள் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. வெடி ஒன்றாக விழுந்தால் முகத்தம் இறங்கி வரிசை நெடுகப் போக வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கியின் வாயிலும் விரலை விட்டு, அந்த மருந்துக் கரியை எடுத்து, கண்படாமலிருக்க அந்தந்தக் குதிரையின் நெற்றியில் வைக்க வேண்டும். மூன்று வருஷமாக வெடி சரியாக விழாததால் யாரும் செய்யவில்லை. நானே மறந்துபோயிருந்தேன். அவரும் மறந்துபோயிருக்கிறார், அது முகத்தில் தெரிந்தது. அத்தனையும் யோசித்தவர் இதை யோசிக்கவில்லை, வெறும் குழாயில் கரி ஏது? ஜிலாலி வரிசையின் இடது கோடியில் தொடங்கி, ஒவ்வொரு குதிரைக்கும் பொட்டு வைத்து, மாஷா அல்லா என்று கத்திக்கொண்டே வருகிறான். பூஷைப் மஸ்ஊதைத் திருப்பிக் கயிற்றுப் பக்கம் கொண்டுவந்தார். தண்ணீருக்கு வருவதுபோல வந்தார். என் முன்னால் நின்று குனிந்தார்.

"ரக்கியா" என்றார். அவ்வளவுதான். துப்பாக்கியை நீட்டினார். தன் துப்பாக்கியை வேறொரு கை தொட விடாத மனுஷர். வாங்கி மடியில் வைத்தேன். வாய் பளபளவென்று எண்ணெய் போட்டுத் துடைத்த மாதிரியே இருந்தது. மேலே பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவி என்று இத்தனை வருஷத்தில் வாய்விட்டுக் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஃபாத்னா எழுந்து நின்று தன் புருஷனுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தாள். வரைகிற கரிக்கட்டி என் கையில்தான் இருந்தது, இறுக்கிப் பிடித்ததில் இரண்டாக ஒடிந்திருந்தது. ஒரு துண்டைக் குழாய்க்குள் விட்டுச் சுற்றும் தேய்த்தேன். மிருதுவான கரி, மாவாக உதிர்ந்தது. விளிம்பில் கட்டைவிரலால் இழைத்துவிட்டேன், படத்தில் நிழல் இழைக்கிற மாதிரி. அதிகமாகிவிட்டதோ என்று நினைக்கும்போதே ஜிலாலியின் வெள்ளைச் செருப்பு எதிரில் வந்து நின்றது. "மச்சானோடது எங்கேக்கா?" எடுத்து நீட்டினேன். விரலை விட்டான், எடுத்தான், மஸ்ஊதின் நெற்றியில் பெரிசாக வைத்தான். பிறகு அந்த விரலை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயரத் தூக்கிக் காட்டினான். "பாருங்கய்யா, மச்சானோடதுதான் எல்லாத்தையும்விடக் கறுப்பு!" என்று கத்தினான். ஜனம் கைதட்டியது. பூஷைப் அவனைப் பார்க்காமல் என் விரல்களைப் பார்த்துக்கொண்டே, "ஆமாப்பா" என்றார்.